கல்லுக்குக் காது குத்திய நாள்

கல்பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் துரை, ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துப் பழைய கற்களின் வேலைப்பாட்டை எல்லாம் தாளில் படியெடுத்துவரச் சொல்லியிருக்கிறாராம். அந்த வேலைக்குப் போன பட்டறை ஆட்கள் நான்கு பேர் நேற்று மாலை நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "பெரியவரே, வேப்பமரத்தாண்ட ஒரு கல்லு இருக்குதே, அதுல ரெண்டு இறக்கைப் புள்ளைங்களுக்கும் காதுல ஓட்டை இருக்குது. வேற எந்தக் கல்லுலயும் இல்ல. அது இன்னா கணக்கு?" என்று கேட்டார்கள். உளி தவறிப் பாய்ந்த இடம் என்றான் ஒருவன். மழைத்தண்ணீர் வடிய விட்ட துளை என்றான் இன்னொருவன். நாலு காதிலும் ஒரே அளவாக உளி தவறுமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை.

எழுதித் தருகிறேன், போங்கள் என்று அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். கல்லிலேயே எழுதிப் பழகிய கை, தாளில் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோட்டைக்குப்பத்துக்காரன். என் நைனா ஏரியில் இறால் தடவிப் பிடித்தவர். தெற்கே மலைப்பக்கமிருந்து தோணியில் கருங்கல் வரும்போது, ஏரி ஆழமில்லாததால் தோணி தரைதட்டி நிற்கும். அதை இறக்கக் குப்பத்து ஆட்களைக் கூப்பிடுவார்கள். அப்படி வடம் பிடிக்கப் போனவன்தான் நான். பட்டறையில் ஆள் போதாத காலம். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து கோயில் சிலை வேலை தெரிந்த ஆசாரி ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். "மீன் புடிக்கிறவனுக்கு உளி எதுக்குடா, கல்லுக்குள்ள நண்டு தேடப் போறியா" என்று குப்பத்தில் கேலி பேசினார்கள். ஏழு வருஷம் பேசினார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

எங்கள் மேலாளாக இருந்த ஒல்லாந்துக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் கவராயத் துரை. அவருடைய நிஜப்பெயர் எங்கள் வாயில் நுழையாது. சட்டைப்பையில் எப்போதும் அளவெடுக்கிற பித்தளைக் கவராயம் ஒன்று இருக்கும். நெட்டையான ஆள், வெயிலில் சிவந்த கழுத்து. திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் கல்லின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பிடித்தால் "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் பாராட்டு அவரிடம் யாரும் வாங்கியதில்லை. மாதத்தில் ஒரு "இருக்கட்டும்" கிடைத்தால் அன்று என் வீட்டில் மீன் குழம்பு ருசியாக இருக்கும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. கல்லின் இடதுபக்கம் இருப்பது வலதுபக்கமும் இருக்கவேண்டும். படம் போட்ட தாளை நடுவில் மடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கத்துக் கோட்டின் மேல் உட்கார வேண்டும். மயிரளவு விலகினாலும் கிழித்துவிடுவார். தாள் சரியாக வந்த பிறகுதான் கோடு நெடுகிலும் ஊசியால் துளை போட்டு, தேய்த்து மழமழப்பாக்கிய கல்லின் மேல் விரித்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டுவோம். தாளை எடுத்தால் கல்லில் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். அந்தப் புள்ளிகளின் வழியே உளி போகும்.

அவரிடம் ஒரு படப் புத்தகம் இருந்தது. அவர்கள் ஊர்க் கோயில்களிலும் மாளிகைகளிலும் உள்ள அலங்காரமெல்லாம் அதில் இருக்கும். கொழுகொழுவென்று பிள்ளைகள், பூமாலை தூக்கிக்கொண்டு, மேகத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு. ஒரு பிள்ளை மண்டையோட்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நுரைக்குமிழி ஊதும். மனுஷ ஆயுசு அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தமாம். கல்லறைக்கு அதிகமும் கேட்கப்பட்டது தலையும் இரண்டு இறக்கையும் மட்டும் உள்ள பிள்ளை. உடம்பு கிடையாது. அதைத்தான் நாம் இறக்கைப் பிள்ளை என்கிறோம்.

"உடம்பு எங்கே போச்சு துரை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உடம்பு வேணாம். வயிறு இல்லே, பசி இல்லே, நோவு இல்லே. சாமி பக்கத்துலே நின்னு பாடும். அது செத்த குழந்தை இல்லே, தெரியுமா? அது பொறக்கவே இல்லே. செத்துப் போனவங்களைக் கூட்டிகினு போவ வருது."

பசியே இல்லாத பிறவி என்றதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் குப்பத்தில் அப்படி ஒரு வரம் கிடைத்தால் யார் கடலுக்குப் போவார்கள்?

புறாவுக்கும் அவர் கணக்கு வைத்திருந்தார். தலைகீழாக இறங்கிவரும் புறா, சுற்றிலும் கதிர் வீசினால், சாமியின் மூச்சு. மேலே பறக்கும் புறா, போகிற உயிர். வாயில் இலை வைத்திருந்தால் அது வெள்ளத்தின் கதை. உலகமெல்லாம் தண்ணீரில் மூழ்கியபோது ஒரு பெரிய படகிலிருந்து பறக்கவிட்ட புறா, இலையோடு திரும்பி வந்ததாம். கரை இருக்கிறது என்று படகுக்காரர்களுக்குத் தெரிந்ததாம். இதை என் மச்சான் தேசப்பனிடம் சொன்னேன். தேசப்பன் என் மனைவி முனியம்மாவின் அண்ணன், ஏரியிலும் கடலிலும் பாதி ஆயுசைக் கழித்தவன். "இதுக்கு எதுக்குப் புறா? கொக்கு பறந்தா போதாதா, கரை கிட்டன்னு எங்களுக்குத் தெரியாதா" என்றான். ஆனால் அந்தக் கதை அவனுக்குப் பிடித்துவிட்டது. முனியம்மாவுக்கும் சொல்லியிருக்கிறான்.

நான் முதன்முதலில் செதுக்கிய இறக்கைப் பிள்ளைக்குப் பெருக்கல் குறி விழுந்தது. ஆசாரி கற்றுக்கொடுத்த சாமி முக அளவையே சின்னதாக்கி வைத்திருந்தேன். நீண்ட மூக்கு, மீன் போன்ற கண், நேர்த்தியான புருவம். துரை ரொம்ப நேரம் பார்த்தார். "இது குழந்தை இல்லே. சின்ன கிழவன்" என்றார். ஆசாரியிடம் போய்க் கேட்டேன். உயிரோடு இருப்பவர் முகத்தைப் பார்த்துச் செதுக்குவது எங்கள் வழக்கமில்லை என்று கையை விரித்துவிட்டார். பிறகு எதைப் பார்ப்பது?

எனக்கு வீட்டிலேயே ஒன்று இருந்தது. கன்னியம்மா. அப்போது மூன்று வயது.

மத்தியானம் முனியம்மா சோறு கொண்டுவரும்போது இடுப்பில் அவளும் வருவாள். இறக்கிவிட்டதும் ஓடிவந்து கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கல் சூடாக இருந்தால் "நைனா, சுடுது" என்று கத்துவாள், ஆனால் இறங்க மாட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் கன்னத்தைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்குக் கன்னம் வாயைவிட முன்னால் வந்து நிற்கும், மூக்குக்குத் தண்டே இருக்காது, நெற்றிதான் முகத்தில் பாதி. இதை எந்த அளவுக்கோலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அவள்தான் சொல்லித் தந்தாள். அதற்குப் பிறகு என் இறக்கைப் பிள்ளைகளுக்கு "இருக்கட்டும்" வரத் தொடங்கியது.

அந்த வருஷம் சித்திரையில் கோட்டை வர்த்தகர் ஒருவரின் சின்னப் பெண் இறந்துபோனாள். வைகாசியில் அவளுக்கான கல் வந்து இறங்கியது. மேலே இரண்டு மூலையிலும் இறக்கைப் பிள்ளைகள், நடுவில் மேலே பறக்கும் புறா, கீழே எழுத்து. நல்ல கல், தட்டினால் வெண்கலம்போலச் சத்தம். இடதுபக்கப் பிள்ளையை நான் கன்னியம்மாவைப் பார்த்தே செதுக்கினேன். முந்தியெல்லாம் கன்னத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். இந்த முறை முழு முகமும் வந்துவிட்டது. மேலுதட்டின் நடுவில் அவளுக்கு இருந்த சின்ன மேடுகூட வந்தது. வேண்டுமென்று செய்தேனா, கை தானாகப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் கன்னியம்மாவுக்குக் காது குத்துவதாக இருந்தோம். தாய்மாமன் சீராகத் தேசப்பன் இரண்டு தங்கக் கம்பி வளையம் செய்து வைத்திருந்தான். அந்த வாரம் பார்த்து இறக்கை நுனிகளைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் கை மாறிவிடும் என்று ஒரு பயம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஆவணியில் புறாவின் கழுத்து. புரட்டாசியில் நல்ல காரியம் கூடாது. "ஓடியா பூடப் போவுது காது?" என்று நான்தான் முனியம்மாவிடம் சொன்னேன்.

புரட்டாசிக் கடைசியில் ஊரெல்லாம் காய்ச்சல். மூன்று நாள். மூன்றாம் நாள் விடியும்போது கன்னியம்மா இல்லை.

எங்களில் பிள்ளைகளைப் புதைப்பதுதான் வழக்கம். அடையாளம் வைப்பதில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் புதைத்தோம். ஐப்பசியில் அடைமழை. ஏரி நிரம்பி முகத்துவாரம் உடைத்துக்கொண்டது, அந்த மணல்மேட்டை அப்படியே கடலுக்கு இழுத்துப்போனது. மழை விட்டதும் நானும் தேசப்பனும் போய்ப் பார்த்தோம். மேடு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேசப்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இறால் தடவுகிற மாதிரி அடியைத் தடவினான். நான் அவனை வா என்று கூப்பிடவில்லை. எனக்கும் தடவவேண்டும்போல இருந்தது.

முனியம்மா அழுது முடித்த பிறகு ஒரே ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "மொட்டைக் காதோட பூட்டாளே. யாரு வூட்டுக் கொயந்தைன்னு அங்க கேப்பாங்களே. காது குத்தாத கொயந்தைய யாரு சேத்துக்குவாங்க?" சோறு வைத்தால் இரண்டு வாய். பிறகு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிடுவாள். இவளும் போய்விடுவாளோ என்று நான் பயந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மூன்று மாதமும் எனக்கு அந்த ஒரு பயம்தான்.

பட்டறைக்குத் திரும்பிய அன்று, என் கல்லைச் சாக்குப் போட்டு மூடிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். துரைதான் சொல்லியிருக்கிறார். வேறு ஒரு கல்லைக் காட்டி, எழுத்து வேலை பார் என்றார். இரண்டு மாதம் எழுத்து மட்டும் வெட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாத ஒல்லாந்து எழுத்து. மனசுக்கு அது நல்லதாக இருந்தது.

மார்கழியில் சாக்கை எடுத்தார். தையில் கப்பல் புறப்படுகிறது, இறந்த பெண்ணின் தாய் அதில் ஊருக்குப் போகிறார், போகுமுன் கல்லைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்று சொன்னார். வலதுபக்கப் பிள்ளை பாக்கி. இடதுபக்கத்தைப் பார்த்து வலதுபக்கம் செய்ய வேண்டும். கவராயத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் மகள் முகத்தில் அதன் ஒரு காலை வைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும், மூக்குக்கும் உதட்டுக்கும் அளவெடுத்து அந்தப் பக்கம் மாற்றினேன். இருபது நாள். மீண்டும் அதே முகம் வந்தது.

வேலை முடியும் சமயம் முனியம்மா சோறு கொண்டுவந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் பட்டறைக்குள் வந்தது அன்றுதான். கல்லைப் பார்த்தாள். கத்துவாள், செத்தவள் கல்லில் என் பிள்ளையை வைத்துவிட்டாயே என்று அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கிட்டே போய்க் காதைத் தொட்டாள்.

"எல்லாம் வெச்சிகிற. காது மட்டும் மொட்டையா வுட்டுட்ட."

"அவங்க புள்ளைங்களுக்குக் குத்த மாட்டாங்க. படத்துல அப்படித்தான் இருக்குது."

"இது அவங்க புள்ளையா?"

அவள் பறவையைக் காட்டி, "இதும் வாய்ல அந்த இலைய வெய்யி. கரை கெடைச்சிச்சின்னு எனக்குத் தெரியட்டும்" என்றாள். துரையிடம் கேட்டுப் பார்த்தேன். "இலை வேற கதை. இங்கே உசிரு போவுது. இலை இல்லே" என்று சொல்லிவிட்டார். முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அப்ப காதாவது குத்து. தை பொறந்துடுச்சி" என்றாள்.

முடியாது என்றேன். கல் என்னுடையதல்ல. மூன்று நாளில் அந்த அம்மாள் பார்க்க வருகிறார். இனி வேறு கல் செதுக்க நேரமும் இல்லை. துரை பார்த்தால் என் வேலை போகும், உளியோடு என்னை வெளியே தள்ளுவார்கள். எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். முந்தானையில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள், அந்த இரண்டு வளையம்.

துரை மத்தியானத்தில் கோட்டைக்குச் சாப்பிடப் போனால் வெயில் சாயாமல் திரும்ப மாட்டார். முனியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக அது எதற்கோ காத்திருந்தது. வேலை போனால் போகட்டும், ஏரி எங்கேயும் ஓடிப்போகாது என்று தோன்றிவிட்டது.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்கவேண்டும். தாழ்வான மரக்கட்டைகள்மேல் கிடத்தி வைத்த கல், இடம்பெயர்க்க எட்டு ஆள் வேண்டும். தேசப்பன் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது மேல்மூலைக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொடையை அந்த மூலைக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் கல்பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டான். "குத்து மச்சான். கெட்டியா புடிச்சிகினு இருக்கேன், அசைய மாட்டா" என்றான். முனியம்மா மஞ்சளைக் குழைத்துக் காதில் தொட்டுவைத்தாள்.

கருங்கல்லில் காதுமடல் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. உளி வைத்தால் மடலே தெறித்துவிடும். அதனால் வில்லும் கயிறும் போட்டு ஓட்டித் துளைபோடுகிற சின்னத் துரப்பணத்தை எடுத்தேன். முனையில் கருங்கல்லையும் அரிக்கிற குருந்தக்கல் தூள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வில்லை இழுக்க இழுக்கக் காதிலிருந்து வெள்ளைச் சேறு வடிந்தது. அதை முனியம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே, "ஆச்சு கண்ணு, ஆச்சு, அவ்ளோதான்" என்றாள். கல்லிடம்தான் சொன்னாள். தேசப்பன் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஒரு காது முடிந்தது. இரண்டாவது காதும் முடிந்து துரப்பணத்தை வெளியே எடுக்கிறேன், பின்னால் செருப்புச் சத்தம்.

துரை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கிட்டே வந்தார், குனிந்தார், இரண்டு துளையையும் பார்த்தார். "இது இன்னா?" என்றார். தேசப்பன்தான், தொடையை எடுக்காமலே, மூச்சு வாங்கச் சொன்னான். பிள்ளை போனது, காது குத்தாதது, மணல்மேடு போனது எல்லாம்.

"பேர் இன்னா?"

"கன்னியம்மா" என்றாள் முனியம்மா.

அவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள் கை போனது. சுண்ணாம்புக் கட்டி வரப்போகிறது என்று நினைத்தேன். கவராயம் வந்தது. துளையின் அகலத்தை அளந்தார். கவராயத்தை அப்படியே விரிந்தபடி வலதுபக்கப் பிள்ளையின் காதில் கொண்டுபோய் வைத்தார்.

"இந்தப் பக்கம் ரெண்டு. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லே. தப்பு" என்றார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்."

சொல்லிவிட்டு நிழலில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நானும் முனியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேசப்பன் எழுந்தான், மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வலது மூலைக்குப் போய் உட்கார்ந்தான். "இது அந்த வூட்டுக் கொயந்தை. அதுக்குத் தாய்மாமன் எல்லாம் கடலுக்கு அந்தாண்ட இருப்பாங்க. நானே புடிச்சிக்கிறேன்" என்றான். முனியம்மா அதற்கும் மஞ்சள் வைத்தாள். வெல்லமும் பச்சரிசியும் கலந்து எல்லாருக்கும் கொடுத்தாள். துரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தார். வெளுத்துப்போன முகம், கறுப்பு உடுப்பு. எழுத்தை விரலால் தடவிப் படித்தார். புறாவைப் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், காதில் விரல் நின்றது. துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை அவர்கள் பாஷையில் மெதுவாக என்னமோ சொன்னார். அந்த அம்மாள் என் பக்கம் பார்த்தார். பிறகு வலதுபக்கம், இடதுபக்கம் என்று இரண்டு தலையையும் கையால் தடவிவிட்டுப் போனார். என்ன சொன்னீர்கள் என்று பல வருஷம் கழித்துத் துரையிடம் கேட்டேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையை ஆட்டிவிட்டார். இப்போது அவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். அவர் கல்லை நான்தான் செதுக்கினேன், மடித்துப் பார்த்தால் மயிரளவு விலகாது.

முனியம்மா அன்று இராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அந்த வளையம் கல்காதுக்குப் போதவில்லை, மடல் கனம். கடைசிவரை முந்தானை முடிச்சிலேயே வைத்திருந்தாள். போன வருஷம் அவள் போனபோது தேசப்பன் தள்ளாடி வந்து, அந்த இரண்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான். "நீயே போட்டு வுடு" என்றான்.

ஆகவே, கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். அது உளி தவறிய இடமல்ல, தண்ணீர் வடிகிற துளையும் அல்ல. குத்திய காதை அப்படியே விட்டால் தூர்ந்துபோகும். பெண்ணைப் பெற்ற வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதற்காகத்தான் வேப்பங்குச்சி செருகி வைப்பது. கல்காதிலும் மணல் அடைக்கிறது, குளவி மண் வைக்கிறது. ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றும் நாளில் போய்ச் சுத்தம் செய்து, பக்கத்து மரத்திலிருந்தே குச்சி ஒடித்துச் செருகிவிட்டு வருவேன். இந்த வருஷம் கண் சரியாகத் தெரியாமல் விரலால் தடவித்தான் காதைக் கண்டுபிடித்தேன். விரல் முதலில் அந்தக் கன்னத்தில் பட்டது. கல் வெயிலில் சுட்டது. எனக்குக் கையை எடுக்க மனசு வரவில்லை.

அடுத்த ஆடிக்கு நான் இருப்பேனா என்று தெரியாது. படியெடுக்க எப்படியும் அந்தத் தோட்டத்துக்குப் போகிறீர்கள். போகிறபோது ஒரு வேப்பங்குச்சி ஒடித்துக்கொள்ளுங்கள். இடதுபக்கம் வைத்தால் வலதுபக்கமும் வையுங்கள். கவராயத் துரை பார்த்துக்கொண்டே இருப்பார்.